வந்தவரும் சென்றவரும்

எம் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலைப் புரட்டினால் ரொறன்ரோ, லண்டன், சிட்னி, கோலாலம்பூர் என முகவரிகள் நீள்கின்றன. நாம் கடல் கடந்தது 1983 இல் தொடங்கியதன்று. பிரித்தானியர் காலத்திலேயே மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எம் பாட்டன்மார் எழுதுவினைஞராயினர். 'மலாயன் பென்சனில்' எழுந்த கல்வீடுகள் எம் ஊர்களில் இன்றும் உண்டு.

அதே பேரரசின் கீழ் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுக்கு வந்தோரும் உளர். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிய அவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். நாமும் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தவர்களே. எமக்கு ஆங்கிலக் கல்வி கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கு பிறந்தவரிடங்கூடத் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பத்திரமில்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1949 டிசெம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இவ்வநீதியும் ஒரு காரணம். ஆயினும் யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அதனைத் தம் துயராகக் கொண்டனர் என்று சொல்ல முடியாது. மலையகச் சிறுமியர் எம்மவர் வீடுகளில் வேலைக்கு நின்றனர். நாம் புத்தகப்பையுடன் புறப்பட்டபோது முற்றம் கூட்டியவர்கள் அவர்களே. அதை நாம் கேள்வி கேட்கவில்லை.

1964 இல் இரு பிரதமர்கள் 975,000 பேரின் கதியைப் பேசினர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. எஞ்சியோர் விடயம் பிற்போடப்பட்டது. அம்மக்களை எவரும் கேட்கவில்லை. இங்கு எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே. மணமான தாய் தன் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை வழங்கலாம் என்ற திருத்தமும் அவ்வாண்டிலேயே வந்தது. பெண்கல்வியைப் போற்றும் நாம், தாயின் பெயர் செல்லாத 55 ஆண்டுகளை மறக்கலாகாது.

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கனேடிய மீனவர் மீட்டனர். அவர்களுக்கு அந்நாடு புகலிடம் அளித்தது. அத்தகைய கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்த எம்மவர் பிள்ளைகள் இன்னும் அகதிகளே; அவர்களுள் மலையக வழிவந்தோரும் உளர். இந்தியாவின் 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இலங்கையர் சேர்க்கப்படவில்லை.

திரும்ப விரும்புவோர் உரிய பத்திரங்களுடன் திரும்பவும், அங்கு தங்க விரும்புவோர் பிரஜைகளாகவும் சட்டம் இடந்தர வேண்டும். பிற நாடுகளில் வாக்குரிமை பெற்று வாழும் சகோதரிகளே, வந்தேறிகளைப் பற்றி அங்கு விவாதம் எழும்போது எம் சொந்தக் கதையை நினைந்து பேசுங்கள்.