வாட்ஜ் கரையும் இழுவைமடியும்

கொழும்புச் சந்தைக்கு மீன் வந்த வழிகளுள் ஒன்று, குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் கரையிலிருந்து வந்ததாகும். 1920ஆம் ஆண்டையொட்டி 'லில்லா' என்னும் இழுவைக் கப்பல் அந்த ஆழங்குறைந்த கடற்றிட்டை ஆராய்ந்தது. பின்னர் 'புல்புல்', கனடா வழங்கிய 'மேப்பிள் லீஃப்' முதலிய கப்பல்கள் அங்கு மடி இழுத்து விளைமீனும் கலவாயும் பாரையும் கொணர்ந்தன.

அம்மீன்கள் உண்பதென்ன? விளைமீன் நண்டையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும். கலவாய் பாறையிடுக்கிற் பதுங்கி, அருகே வரும் மீனை விழுங்கும். சேற்றடியிற் புழுவையும் சிற்றுயிர்களையும் மேயும் காரலைப் பாரை துரத்தும். திருக்கையைச் சுறா பிடிக்கும். இழுவைமடியோ பாரையுடன் காரலையும் வாரி, அக்காரலின் இரை வாழும் அடித்தரையையும் உழுதுவிடுகிறது. பெருமீன் குறைந்தாற் சிறுமீன் பெருகுமென்பர் சிலர். இரையும் உடன் வாரப்படுமிடத்தில் அக்கணக்குப் பொய்த்துப்போம்.

1976ஆம் ஆண்டின் எல்லை உடன்படிக்கையால் வாட்ஜ் கரை இந்தியாவின்பாற் சென்றது. காலப்போக்கில் நம் கப்பல்கள் அதனைக் கைவிட்டன. ஆனால் இழுவைமடி வடக்கே பாக்கு நீரிணையிற் பெருகியது. 2017இல் இலங்கை அதனைச் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் எல்லை தாண்டிவரும் இழுவைப் படகுகள் நிற்கவில்லை. அறுந்த வலைகளுடன் கரை மீள்பவர் யாழ்ப்பாணத்து, மன்னார்ச் சிறுதொழிலாளரே.