வீட்டை வீடாக்கிய பாட்டிமார்

"உங்கள் பாட்டி என்ன வேலை செய்தார்?" என்று கேட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரே பதில்தான் வரும். "வேலையா? அவர் வீட்டோடு இருந்தவர். வீடுதான் அவருக்கு உலகம்." அன்பாகச் சொல்லப்படும் பதில்தான். ஆனால் அந்த வீடு எங்கிருந்து வந்தது? அதை வீடாக்கியது யார்? அதைக் கேட்பவர் குறைவு.

முதலில் தோட்டப்புறத்தைப் பாருங்கள். கங்காணி மூலம் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் இடம். அது தோட்டத்தின் சொத்து. வேலை போனால் கூரையும் போய்விடும். அங்கே விடியும் முன்பே எழுந்து, சமைத்து வைத்து, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பிரட்டுக்கு ஓடியவர் பாட்டி. பால் வெட்டி, வாளி சுமந்து, ஒட்டுப்பால் எடுத்துத் திரும்பிய பிறகே அவருடைய வீட்டு வேலை தொடங்கும். 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வீட்டில் செய்த வேலைக்கோ கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

அந்தக் கூலிக்குள் அவர் செய்த வித்தைகளை எண்ணிப் பாருங்கள். கோணிச்சாக்கு படுக்கை விரிப்பானது. மாவு மூட்டைத் துணி பிள்ளைகளுக்குச் சட்டையானது. காலிப் பால் டின் அரிசி அளக்கும் படியானது. லயத்து ஓரத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் தழைத்தன. ஊரில் கற்ற குழம்போடு இங்கே கற்ற பிளாச்சான் சம்பலும் ஒரே அடுப்பில் வெந்தன. பிள்ளை அழுதால் தாலாட்டு, இழவு விழுந்தால் ஒப்பாரி. இரண்டையும் அந்த நேரத்திலேயே சொல் சேர்த்துக் கட்டியவர், தம்மை ஒருநாளும் புலவர் என்று சொல்லிக் கொண்டதில்லை.

பட்டணத்துப் பாட்டியின் கதையும் ஏறக்குறைய இதுதான். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேயை நம்பித் தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியேறினர். ரயில்வே குவார்ட்டர்ஸ் அரசாங்கத்துக்குச் சொந்தம். தாத்தா ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தச் சிறிய குவார்ட்டர்ஸில் இடியப்பமும் சொதியும் மணக்க, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் பழகியது. பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா' ஆனது. வளைவும் விளக்கும் வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே அந்த வீதிகளைத் தமிழ் வீதிகளாக்கியது வாசல் கோலங்கள்தாம்.

வீட்டை நேசித்தவர்கள் வரலாற்றுக்கு வெளியே இருந்தார்கள் என்று யார் சொன்னது? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்னின்றனர். கோரிக்கைகளில் சம்பளம் மட்டும் இல்லை. பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி வேண்டும் என்றும் கேட்டார்கள். இவை அத்தனையும் வீட்டைக் காக்கும் கோரிக்கைகள். பதிலாகத் துப்பாக்கிச் சூடு வந்தது, உயிர்கள் பறிபோயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அடுத்து ஜப்பானியர் காலம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டத்து ஆண்கள் சயாம் மரண ரயில்வேக்குக் கொண்டு போகப்பட்டனர். பலர் திரும்பவில்லை. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது, நிற்க வேண்டியதுதான். ஆனால் அதே ஆண்டுகளில் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்த தாய்மாரின் பெயர்கள் எங்கே? அவர்களுக்குப் பட்டியலும் இல்லை, பதக்கமும் இல்லை.

1957இல் நாடு விடுதலை அடைந்தது. வாழ்நாளெல்லாம் வீடு கட்டிய பாட்டியிடம் "இது உங்கள் நாடு என்பதற்குச் சான்று எங்கே?" என்ற கேள்வி வந்தது. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு விண்ணப்பப் பாரமே ஒரு சுவர். இப்படிச் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியவர்கள் பலர். 2018இல், 60 வயதைத் தாண்டிய அத்தகைய இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் அந்த நாளைக் காணாமலே கண்மூடிய பாட்டிமார் எத்தனை பேர்?

ஏட்டில் பதியாத வாழ்க்கை இரண்டு முறை அழிகிறது. ஒன்று, ஆள் இருக்கும்போதே உரிமை போகிறது. இன்னொன்று, ஆள் போன பிறகு நினைவும் போகிறது. இதற்கு மாற்று உண்டு. பேராக் மாநிலத் தோட்டத்தில் வளர்ந்த முத்தம்மாள் பழனிசாமி, தம் குடும்பம் கடல் கடந்து வந்த கதையை 'நாடு விட்டு நாடு' என்று நூலாக்கினார். தோட்டத்து நாட்டுப்புறப் பாடல்களையும் தொகுத்து வைத்தார். ஒரு பெண்மணி மனம் வைத்ததால் ஒரு தலைமுறையின் குரல் நூலில் நிற்கிறது.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒவ்வொரு வீட்டிலும் இது முடியும். பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறந்த தோட்டம் எது, எந்த லயம், முதல் கூலி எவ்வளவு, யார் கற்றுக் கொடுத்த சம்பல், எந்தத் தாலாட்டு? கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பாட்டி இல்லையென்றால் பெரியம்மாவிடம், அத்தையிடம் கேளுங்கள். ஒரு பழைய படத்தின் பின்னால் அவருடைய முழுப் பெயரையும் ஊரையும் எழுதி வைத்தாலும் போதும். எவர் எவரோ எழுதிய வரலாற்றில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் கட்டிய வீட்டிலாவது கிடைக்கட்டும்.