படப்பை முதல் மொட்டை மாடி வரை

பொத்தேரியில் நான் குடியிருக்கும் வீடு மூன்றாம் மாடியில் உள்ளது. வீட்டின் முன்புறம் ஆறடி நீளமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட ஒரு பால்கனி. அதில் எட்டுத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். இரண்டில் கீரை, இரண்டில் தக்காளி, ஏனையவற்றில் மிளகாய், புதினா, கற்பூரவல்லி, துளசி. அண்டை வீடுகளில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர் சிலர் ஒரு நாள் இவற்றைக் கண்டு, "ஐயா, இந்த எட்டுத் தொட்டிகளால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று வினவினர். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை இன்று சற்று விரித்துச் சொல்ல முற்படுகிறேன். விடை வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றின் பெரும் பகுதி நாம் வாழும் இந்தச் செங்கற்பட்டுச் சீமையிலேயே நடந்தது.

தாம்பரத்துக்கு மேற்கே வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பை என்றோர் ஊர் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பழந்தமிழில் படப்பை என்னும் சொல்லுக்கு மனையை அடுத்த கொல்லை அல்லது தோட்டம் என்பது பொருள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, தோட்ட வேளாண்மை செய்யும் குடிகளின் வீடுகளை நமக்குக் காட்டுகிறது. காய்ந்த தென்னை மடல்களால் வேயப்பட்ட கூரை, முற்றத்தில் மஞ்சள், சுற்றிலும் மணம் கமழும் படப்பை. அவ்வழியே வரும் பாணர்க்குப் பலாவும் வாழையும் கிழங்கு வகைகளும் அங்கே விருந்தாகக் கிடைக்கின்றன. வீட்டை ஒட்டிய தோட்டம் அக்காலத்திலேயே இந்நாட்டின் வாழ்க்கையில் ஓர் உறுப்பாக இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்து உத்தரமேரூருக்குச் செல்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலை முறைக்கு அவை பெயர் பெற்றவை. பள்ளிப் பாடநூல்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்ற முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பெற்றனர். தோட்டத்தைக் கவனிக்க ஒரு வாரியம், ஏரியைக் கவனிக்க ஒரு வாரியம். நீரும் தோட்டமும் ஒன்றையொன்று பிரியா என்பதையும், அவை ஊர்ப் பொதுக் கவலைக்கு உரியவை என்பதையும் அம்முன்னோர் உணர்ந்திருந்தனர். ஆனால் ஒன்றை மறவாதிருங்கள். அவ்வாரியங்களில் இடம்பெறக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராய் இருத்தல் வேண்டும் என்பது விதி. இந்த 'மனை' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

அண்மைக் காலம் வரை நம் கிராமத்து வீடுகளில் தோட்டம் எவ்வாறு நடைபெற்றது? என் பாட்டியாரின் புழக்கடையை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். குளித்த நீரும் அரிசி களைந்த நீரும் ஒரு சிறு வாய்க்கால் வழியே வாழைக்கும் சேம்புக்கும் ஓடும். வேலியின்மேல் அவரையும் பாகலும் படரும். கூரைமேல் சுரையும் பூசணியும் ஏறும். கிணற்றடியில் கறிவேப்பிலை. மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் எருவாகும். முற்றிய கத்தரிக்காயின் விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, சுரைக்குடுக்கையில் இட்டு, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார். புகை படும் இடத்தில் பூச்சி அண்டாது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது அவர் நாவில் அடிக்கடி வரும் மொழி. இத்துணை வேலையும் பெண்டிர் கைவேலையே. கணக்கேட்டில் ஏறாத உழைப்பு அது. ஆயினும் நாள்தோறும் குழம்புக்குக் காய் தந்த உழைப்பு.

எல்லார்க்கும் இத்தகைய புழக்கடை இருந்ததா என்று கேட்பீர்களாயின், இல்லை என்பதே விடை. 1891-ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் என்பவர், இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்றை அளித்தார். நிலத்தில் உழைத்த அம்மக்கள் பலருக்குத் தாம் குடியிருந்த குடிசையின் அடிமண்கூடச் சொந்தமில்லை. மிராசுதாரர்கள் அதன்மேல் உரிமை கொண்டாடினர். எதிர்த்துப் பேசினால் குடிசையையே இழக்க நேரும். அந்த நிலைமையை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. குடியிருப்பு மனையும் பயிரிட நிலமும் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்றது. 1892-இல் பிறந்த அரசாணையின் வழியே அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். நாளை எழுந்து போகச் சொல்வார்களோ என்று அஞ்சுகிறவன் முருங்கைக் கொம்பு நட்டு அது காய்க்கும் வரை காத்திருப்பானா? ஒரு பிடி கீரைக்குப் பின்னால் மனையுரிமை என்னும் பெரிய கேள்வி நின்றது.

தோட்டத்தின் பயிர்களும் காலந்தோறும் மாறின. மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேசியர் வழியே பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. மிளகைப் போல் காரம் உடைய காய் என்பதால் மிளகாய் என்று நம்மவர் பெயரிட்டனர். இன்று நாம் தக்காளி என்பதும் அக்கண்டத்திலிருந்து வந்ததே. மணத்தக்காளி அதற்கு முன்பே நம் கொல்லைகளில் இருந்தது. சென்னையில் 1835-இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. வெளியிலிருந்து வந்த செடியை ஐயத்தோடு நோக்காமல், தொட்டியில் இட்டு வளர்த்துப் பார்த்து, பின்பு சமையலறைக்குள் அழைத்துக்கொண்டது தமிழர் வீடு.

வீட்டுத் தோட்டத்தின் மதிப்பு நன்கு விளங்கியது போர்க்காலத்தில்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டது. அரிசிக் கப்பல்கள் நின்றன. அடுத்த மாதம் சென்னை மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரை விட்டே வெளியேறினர். 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் மூண்டு, இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர். 'உணவை அதிகம் விளைவிப்போம்' என்ற இயக்கம் இந்தியா முழுவதும் நடத்தப்பட்டது. இங்கிலாந்தில் பூங்காக்களும் அமெரிக்காவில் வீட்டுப் புல்தரைகளும் காய்கறிப் பாத்திகளாயின. ஜப்பானியர் பிடியில் மூன்றரை ஆண்டு சிக்குண்ட மலாயாவிலோ நிலைமை மிகக் கொடிது. அங்கிருந்த தோட்டத் தொழிலாளத் தமிழர் குடியிருப்பைச் சுற்றிக் கிடைத்த இடத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டு உயிர் தாங்கினர். அரிசிக்கு அது ஈடாகவில்லை. நோயும் மெலிவும் பலரை வாட்டின. ஆயினும் அந்தக் கிழங்கும் இல்லையேல் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1965-இல் நாடு உணவுத் தட்டுப்பாட்டில் தவித்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவு உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். தம் இல்லத்துப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். அதையடுத்த ஆண்டுகளில் நம் வானொலியும் தன் பங்கைச் செய்தது. திருச்சி வானொலி நிலையம் தஞ்சை உழவர்க்கு ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்லைப் பற்றி இடையறாது எடுத்துரைத்தது. உழவர்கள் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டிவிட்டனர்.

இனி நம் புறநகரின் கதை. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் அது தெற்கே நீண்டது. இரயிலோடு வீடுகளும் நீண்டன. பொத்தேரியின் பெயரில் ஓர் ஏரி இருக்கிறது. அண்டை ஊர்களின் பெயர்களிலோ சேரியும் பாக்கமும் குளமும் இருக்கின்றன. வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. புழக்கடை மறைந்தது. காய்கறி வேண்டுமாயின் சந்தை, சந்தைக்குக் கோயம்பேடு. 2020 மே மாதத் தொடக்கத்தில், கொரோனா தொற்றுப் பரவியதால், அந்தக் கோயம்பேடு மூடப்பட்டது. வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அந்த நாட்களில் என் பால்கனியில் அரைக்கீரையும் வெந்தயக்கீரையும் இருந்தன. அடுத்த வீட்டில் முதியோர் இருவர் தனித்திருந்தனர். வாரத்துக்கு இருமுறை ஒரு கட்டுக் கீரையை அவர்கள் வாயிற்படியில் வைத்துவிட்டு வருவேன். அதனால் இருவர் பசி தீர்ந்தது என்று பெருமை பேசமாட்டேன். ஆனால், "நாளைக்கும் வருமா?" என்று அந்த அம்மையார் கதவுக்குப் பின்னிருந்து கேட்ட குரல் இன்னும் என் செவியில் இருக்கிறது.

அதன் பின்னர் மொட்டை மாடியில் தோட்டம் போட எண்ணி வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்டேன். அவர் மறுத்தார். தளம் ஒழுகும், பாரம் தாங்காது என்றார். எனக்கு முதலில் சினம் வந்தது. வாடகைக்கு இருப்பவனுக்கு வானத்தின் வெயிலும் சொந்தமில்லையோ என்று எண்ணினேன். பின்பு கணக்கிட்டுப் பார்த்தேன். நான்கடிக்கு நான்கடி பரப்பில் அரையடி உயரம் மண் நிரப்பினால் எட்டுக் கன அடி. ஈர மண்ணின் எடை கன அடிக்கு ஏறத்தாழ 50 கிலோ. ஆக, ஒரு பாத்திக்கு மட்டும் 400 கிலோ! அவர் அச்சம் நியாயமானதே. மீண்டும் சென்று, வெறும் மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவும் மட்கிய எருவும் மிகுதியாகக் கலந்த பைகள், அவற்றைச் சுவரோரமாக மட்டும் செங்கல்மேல் வைத்தல், நீர் தேங்காமல் வடியும் வழி ஆகியவற்றை எழுதிக் காட்டினேன். பத்துப் பைகளுக்கு இசைந்தார். மழைக்காலத்தில் ஒழுகினால் மறுநாளே எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. இதுவரை ஒழுகவில்லை. இதே முறையை 2013-14-ஆம் ஆண்டில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பரப்ப முன்வந்து, பைகளும் நார்க்கழிவும் விதைகளும் மானிய விலையில் வழங்கியது.

மாணவ நண்பர்களே! நீங்களும் தொடங்கலாம். ஐந்தாறு மணி நேர வெயில் படும் இடம், அடியில் துளையிட்ட ஒரு தொட்டி, ஒரு பிடி கீரை விதை, இவை போதும். துளையில்லாத தொட்டியில் நட்டு, அன்பு மிகுதியால் நீரை ஊற்றி ஊற்றி, என் முதல் தக்காளிச் செடிகளை நானே அழுகச் செய்தவன்; அத்தவற்றை நீங்கள் செய்யவேண்டா. கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும். நாட்டு வகையாயின் ஒரு செடியை மட்டும் பறிக்காமல் முற்றவிட்டு விதை எடுங்கள். ஒட்டு விதையில் விளைந்த செடியின் விதை தாயைப் போலவே விளையும் என்பதற்கு உறுதியில்லை. என் பாட்டியாரின் சுரைக்குடுக்கையோடு போன கத்தரி வகையை நான் பிறகு எங்கும் காணவில்லை.

எட்டுத் தொட்டிகளால் என்ன ஆகிவிடப் போகிறது? அரிசி விளையாது, பருப்பு விளையாது, சந்தையை ஒழித்துவிடவும் முடியாது. ஆனால் ஏரி ஏன் தூர்ந்தது, மனை யாருக்கு இருந்தது, விதை யார் கையில் இருக்கிறது என்னும் கேள்விகளைத் தொட்டியருகே நிற்கிறவன் தன் கையாலேயே தொட்டு உணர்கிறான். ஒரு நாள் வாணிகம் நின்றபோது அடுத்த வீட்டு வாயிற்படிக்கு ஒரு கட்டுக் கீரை சென்றது. அந்த அம்மையார் இப்போது தம் வீட்டுச் சன்னலில் இரண்டு தொட்டிகள் வைத்திருக்கிறார். சென்ற வாரம் அங்கிருந்து ஒரு கொத்துப் புதினா என் வீட்டுக்கு வந்தது.