துருவுக்குக் கீழே கொஞ்சம் சரித்திரம்

பழைய சவரக்கத்தியில துரு எடுக்கணும்னா நம்ம ஆளுங்க உடனே உப்புத்தாளைத் தூக்கிடுவாங்க. கொஞ்சம் பொறுங்க சாமி!

முதல்ல அலகு கைப்பிடியோட சேர்ற இடத்தைப் பாருங்க. அங்கேதான் முத்திரை இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளில் கிரீடத்தோடு 'டபிள்யூ.ஆர்.' இருந்தால் நான்காம் வில்லியம் காலம் (1830-37). 'வி.ஆர்.' என்றால் விக்டோரியா (1837-1901). 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயரும் இருந்தால் அநேகமாக 1891-க்கு அப்புறம். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் மெக்கின்லி சட்டம் போட்டதுதான் காரணம். நாலு தேய் தேய்ச்சா அத்தனையும் டெலீட். பேக்கப் கிடையாது :-)

சரி, ஏன் இப்படித் துருப்பிடிக்குது? 1740-களில் கடிகாரக்காரர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், எஃகை மூசையில் உருக்கிச் சீராக்கினார். ஷெஃபீல்டு கத்திகளுக்குப் பேர் வந்தது இதில்தான். கூர் நிற்கும், ஆனால் ஈரம் ஆகாது.

இதற்கு மருந்து தேடியவர்களில் மைக்கேல் ஃபாரடேவும் ஒருவர். ஆமாங்க, கரண்ட் ஃபாரடேயேதான்! 1819-ல் 'ஊட்ஸ்' எனப்பட்ட நம்ம ஊர் எஃகை ஆராய்ந்தார். அடுத்த வருஷம் கத்தி செய்யும் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம் எல்லாம் எஃகில் கலந்து பார்த்தார். சுலபமாகத் துருப்பிடிக்காத எஃகும் அவர்கள் தேடியதில் ஒன்று.

விடை ஷெஃபீல்டிலேயே கிடைத்தது. 1913-ல் ஹாரி பிரியர்லி சுமார் 12.8% குரோமியம் சேர்த்து உருக்கிய எஃகு துருவுக்கு அசரவில்லை. ஆனால் அதற்குள் ஜில்லெட் தூக்கிப் போடும் பிளேடை விற்க ஆரம்பித்து, 1904-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அந்த பிளேடும் துருப்பிடிக்கும் எஃகுதான். துருப்பிடிச்சா என்ன, குப்பையில போடு! சவரக்கத்தியை ஜெயித்தது வேதியியல் இல்லை, குப்பைத்தொட்டி.

அதனால, மிச்சம் இருக்கிற கத்தியைப் பதமா சுத்தம் பண்ணுங்க. நான் செய்வது இதுதான்: ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைத்து, மறுநாள் '0000' எஃகு நாரால் மெதுவாகத் தேய்ப்பேன். கூர் பக்கம் கை போகக்கூடாது. சிவப்புத் துரு போனால் போதும், கருப்புக் கறை இருக்கட்டும். முத்திரையில் வெறும் துணியும் எண்ணெயும்தான். மெஷின் சக்கரம் வேண்டவே வேண்டாம். சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். கைப்பிடி செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

கூர்முனையிலேயே துரு குழி பறித்திருந்தால் முகத்தில் வைக்காதீர்கள். அலமாரியில் வையுங்கள். முத்திரை தெரியும்படி.