தமிழிலக்கிய ஆய்விற் சான்று காட்டும் மரபு: ஒரு வரலாற்று நோக்கு

இலக்கியக் கட்டுரை எழுதும் பல்கலைக்கழக மாணவர்க்கு அடிக்குறிப்பும் உசாத்துணை நூற்பட்டியலும், கட்டுரை முடிந்தபின் ஒட்டப்படும் பகுதிகளாகவே பெரும்பாலுந் தோன்றுகின்றன. காற்புள்ளி எங்கே இடுவது, நூற்பெயரைச் சரிவெழுத்தில் அமைப்பதா மேற்கோட்குறிக்குள் அமைப்பதா என்பனவே அவர்தம் வினாக்கள். இவை மேனாட்டு ஆய்வுமுறை நம்மீது சுமத்திய சடங்குகள் என்ற எண்ணமும் சிலரிடையே உண்டு. தமிழிற் பிறர் கூற்றை எடுத்தாளும் வழக்கு எத்துணைப் பழையது, அக்கூற்றின் இருப்பிடத்தைக் காட்டும் வழக்கு எத்துணைப் புதியது, இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாம் இழந்தவை யாவை என்பவற்றை நோக்கின் அவ்வெண்ணம் நிலைபெறாது.

உரையாசிரியர்கள் மேற்கோளாட்சியில் வல்லவர்கள். இளம்பூரணர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், அடியார்க்குநல்லார், பரிமேலழகர் ஆகியோரின் உரைகளிலிருந்து மேற்கோள்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது மிகக் குறைவு. ஆயின் அவர்கள் எடுத்தாண்ட செய்யுள் எந்நூலைச் சார்ந்தது என்பதைச் சிற்சில இடங்களிலேயே கூறினர். பல இடங்களில் ‘என’ என்றோ ‘என்றார் பிறரும்’ என்றோ கூறி அப்பாற் சென்றனர். இதனை அவர்தம் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்களுக்கு முன்னிருந்த மாணவன் அந்நூல்களை நெட்டுருச் செய்தவன். முதலடியைக் கேட்டதும் முழுப்பாட்டும் அவன் நினைவில் எழும். அம்மாணவனுக்கு இருப்பிடம் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. நினைவிற் கற்கும் மரபு தளர்ந்து ஏடுகளும் அழியத் தொடங்கியபோதே இடர்ப்பாடு தோன்றியது.

நற்றிணையின் 234ஆம் பாட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அப்பாட்டு ஏடுகளிற் கிடைக்கவில்லை. இறையனார் அகப்பொருள் உரையிலே நூற்பெயரின்றி மேற்கோளாக வரும் ஒரு செய்யுளே காணாமற்போன அப்பாட்டாதல் கூடும் என ஆய்வாளர் சிலர் கருதுவர். ஊகிக்கலாமேயன்றி உறுதிகூற இயலாது. உரைகாரர் நூற்பெயரை அன்று ஒரு சொல்லாற் குறித்திருப்பின் இன்று அவ்வையத்திற்கு இடமேயில்லை. பதிற்றுப்பத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அதன் முதற்பத்தும் பத்தாம்பத்தும் மறைந்துபோயின. அவற்றுக்குரியனவாகக் கொள்ளப்படும் சில செய்யுள்கள் தொல்காப்பிய உரைமேற்கோள்களிலிருந்தும் புறத்திரட்டிலிருந்தும் திரட்டப்பட்டன. இதற்கு மாறாக, புறத்திரட்டைத் தொகுத்தவர் செய்யுள்கள் எந்நூலைச் சார்ந்தன என்பதையுங் காட்டிச் சென்றார். முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் இன்று அப்பெயரோடு நம்மிடம் இருப்பது அவராலேயே. பெயரறியாத அத்தொகுப்பாளரை, சான்று காட்டுதலின் அருமையை உணர்ந்த தமிழருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் என்போம்.

அச்சுப் பதிப்பாசிரியர்களின் உழைப்பு இந்த இடைவெளியை நிரப்புவதிலேயே பெரிதும் கழிந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வீரசோழியம் (1881), இறையனார் அகப்பொருள் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றை அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் (1855–1942) சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, நச்சினார்க்கினியர் உரையில் வரும் பெயர்சுட்டா மேற்கோள்கள் தம்மை எவ்வளவு அலைக்கழித்தன என்பதைத் தம் வரலாற்றிற் கூறியுள்ளார். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஏடுகளைப் பயிலத் தொடங்கிய பின்னரே அவற்றுட் பலவற்றின் இருப்பிடம் அவருக்குப் புலனாயிற்று. ஐயரவர்களின் பதிப்புகளிற் காணப்படும் மேற்கோள் விளக்கமும் அகராதியும் அத்தேடலின் விளைவுகளே. இன்று நாம் ‘புறம். 183’ என்று அரைவரியில் எழுதிவிடுவதற்குப் பின்னால் இத்தகையோரின் பல்லாண்டு உழைப்பு உள்ளது. 1894இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பில் 267, 268ஆம் பாட்டுக்கள் இல்லை. எனினும் 266க்குப் பின் 269 என்றே எண் செல்கின்றது. எண்களை நெருக்கி இடைவெளியை மறைக்காது விட்டமை, இல்லாததற்கும் சான்று காட்டிய நேர்மையாகும்.

எனினும் எண் மட்டும் போதுமா? தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இளம்பூரணர் கொண்ட நூற்பாக்கள் 456. சேனாவரையர் கொண்டவை 463. ஒருவர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பிரித்தமையால் வந்த வேறுபாடு இது. எனவே உரையாசிரியர் பெயரின்றித் தரப்படும் சொல்லதிகார நூற்பாவெண் படிப்பவரை வேறோரிடத்துக்கு இட்டுச்செல்லக்கூடும். திருக்குறளில் நாம் வழங்கும் தொடரெண் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையைத் தழுவியது. மணக்குடவர் உரையிலோ குறள்களின் வரிசை பலவிடங்களில் வேறு. 1940இல் வையாபுரிப்பிள்ளையைக் கொண்டு சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியத் தொகுதியிற் பாட்டுக்கள் புலவர் வரிசையில் அமைந்தன. அதன் பக்க எண்ணை மட்டும் குறித்த கட்டுரையாளர், வேறு பதிப்பை வைத்திருக்கும் வாசகருக்கு எதனையும் காட்டியவராகார். ஆதலின் பழந்தமிழ் நூல்களுக்கு நூலின் உட்பிரிவையே முதலிற் சுட்டல்வேண்டும்: தொகைநூலாயின் பாட்டெண்ணும் அடியெண்ணும், சிலப்பதிகாரமாயின் காதையும் அடியும், கம்பராமாயணமாயின் காண்டமும் படலமும் செய்யுளெண்ணும். பதிப்பாசிரியர், உரையாசிரியர், பதிப்பாண்டு ஆகியன உசாத்துணைப் பட்டியலில் தவறாது இடம்பெறல்வேண்டும். பக்க எண் நாவல், சிறுகதை, திறனாய்வு நூல் ஆகியவற்றுக்கு உரியது. அங்கும் எத்தனையாவது பதிப்பு என்பது கூறப்படாவிடின் பயனில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. 1943இல் விபுலானந்த அடிகள் அதன் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். க. கணபதிப்பிள்ளை, சு. வித்தியானந்தன், ஆ. வேலுப்பிள்ளை, க. கைலாசபதி, கா. சிவத்தம்பி எனப் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிற் கலாநிதிப் பட்டம்பெற்று மீண்டோர் பலர். ‘மேலது’, ‘மே. கு. நூ.’ என்னும் குறியீடுகளோடு அடிக்குறிப்பிடும் முறை தமிழாய்வில் வேரூன்றிய காலமும் இதுவே. பின்னர் அமெரிக்க நவீன மொழிச் சங்கம் தன் கைந்நூலின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆசிரியர் பெயரையும் பக்கத்தையும் கட்டுரையினுள்ளேயே பிறைக்குறிக்குள் இடும் முறையை முதன்மைப்படுத்தியது. எம்முறையைக் கைக்கொள்வது என்பது துறையின் விருப்பம். ஒரு கட்டுரைக்குள் இரண்டு முறைகளைக் கலவாதிருத்தலே முக்கியம். மேனாட்டு விதி தமிழுக்கு இசையாத இடம் ஒன்றுண்டு. குடும்பப்பெயரை முன்னிடுக என்பது அவ்விதி. நம்மிடையே தலைப்பெழுத்துப் பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. இறுதியில் நிற்பதே ஒருவரின் சொந்தப் பெயர். ‘கைலாசபதி, க.’ என எழுதும்போது விதியின் வடிவம் பேணப்படுகின்றது, பொருள் மாறிவிடுகின்றது. அதனால் இழப்பொன்றுமில்லை. ஆனால் ‘ஐயர்’, ‘பிள்ளை’ என்பவற்றைக் குடும்பப்பெயரெனக் கொண்டு சாமிநாதையரையும் தாமோதரம்பிள்ளையையும் இரண்டாகப் பிளந்து அகரவரிசைப்படுத்துவது நகைப்புக்குரியது. தமிழ்ப் பட்டியலில் ‘சாமிநாதையர், உ. வே.’ என்பதே தகும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. மாணவர் ஒரு திறனாய்வு நூலைப் படிக்கிறார். அந்நூலாசிரியர் காட்டிய மூலநூலைத் தாமே கண்டவர்போலத் தம் அடிக்குறிப்பில் இடுகிறார். முன்னவரின் அச்சுப்பிழையும் அதனோடு சேர்ந்து வருவதால் இச்செயல் பெரும்பாலும் எளிதில் வெளிப்பட்டுவிடும். ‘இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது’ என எழுதுவதில் இழிவு யாதுமில்லை. அச்சொற்களைத் தவிர்ப்பதால் ஒரே பிழை மூன்று தலைமுறைக் கட்டுரைகளில் உண்மையென வாழ்ந்துவிடும். நடைச்செம்மைக்குப் புள்ளிகள் வழங்குவோர் இதனைக் காணாது, காற்புள்ளிக்குப் புள்ளி குறைப்பது எமக்கு உடன்பாடன்று.

1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதற்கு முன் அங்கிருந்து இதழ்களையும் சிறு பிரசுரங்களையும் பார்த்துக் கட்டுரை எழுதியோர், இதழின் பெயர், மலர், இதழெண், திகதி, அச்சகம் ஆகியவற்றை முறைப்படி குறித்திருப்பின், அவ்வடிக்குறிப்புகளே அவ்வெளியீடுகள் இருந்தமைக்கும் அவற்றில் இன்னது கூறப்பட்டமைக்கும் இன்று சாட்சி. ‘ஒரு பழைய இதழில்’ என்று எழுதியவரின் கட்டுரையைக்கொண்டு எதனையும் மீளத் தேட இயலாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் பல பிரதிகளை எல்லோர்க்கும் எட்டச்செய்துள்ளன. நூலகத்தின் படிமங்களில் மூலப்பக்கமே தெரிகின்றது. ஆதலின் அச்சுநூலுக்குரிய விவரங்களை அவ்வாறே தரலாம். தட்டச்சுச் செய்த மின்பாடங்களில் அச்சுப்பக்கம் பெரும்பாலும் இராது. அவற்றை எடுத்தாள்வோர் எந்த அச்சுப் பதிப்பைத் தழுவியது என்னும் முகப்புக் குறிப்பைத் தேடிப் பதிவதோடு, பாட்டெண்ணையும் அடியெண்ணையும் அச்சுப் பதிப்பொன்றோடு ஒப்புநோக்கிய பின்னரே எழுதுதல் வேண்டும்.