கெமிஸ்தம்

மொழிபெயர்ப்பு வகுப்பின் முதல் நாள் பலகையில் ஒரே ஒரு சொல் எழுதுவேன்: ‘கெமிஸ்தம்’. பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்து, மானிப்பாய்க் கதையைத் தொடங்குவேன்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்குள்ள மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் வைத்தியம் படிப்பித்தார். படித்தவர்களில் பலர் ஊரில் தங்காமல் உத்தியோகம் தேடிப் போய்விட்டார்கள். 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். பாடநூலுக்கு எங்கே போவது? மாணவர்களையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார்: 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’.

சொல்லாக்கத்துக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழியில், அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்கு வளை. ‘கெமிஸ்ட்ரி’ வளைந்து ‘அம்’ விகுதி பூண்டது அப்படித்தான்.

நான் மாணவனாக இருந்தபோது, அகராதியில் முதலில் கண்ட சொல்லைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். கிறீனைப் படித்த பிறகு அந்த அவசரம் போய்விட்டது. ஆகவே முதல் நாள் வீட்டுவேலை எப்போதும் ஒன்றுதான்: ஒரு சொல், மூன்று மொழிபெயர்ப்பு, மூன்றுக்கும் காரணம்.

மறுநாள் யாரும் சிரிப்பதில்லை.