வாவிக்கரைப் பள்ளிகளும் ஊர் திரும்பிய மாணாக்கரும்

ஒரு பாடசாலையின் பெருமையை அளப்பதற்கு உலகத்தார் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. அங்குப் பயின்றவருள் எத்தனை பேர் நீதிபதிகளாயினர், எத்தனை பேர் வைத்தியர்களாயினர், எத்தனை பேர் அமைச்சர் பதவி வகித்தனர் என்று எண்ணிக் காட்டுவர். வெள்ளி விழாவுக்கும் பொன் விழாவுக்கும் வெளியிடப்படும் மலர்களில் இத்தகைய பெயர்ப்பட்டியல் தவறாது இடம்பெறும். பட்டியல் வேண்டியதே. ஆயினும், மட்டக்களப்பு வாவியை அடுத்து எழுந்த பள்ளிகளைப் பொறுத்தவரையில் வேறொரு வினாவையும் எழுப்புதல் தகும். அங்குக் கற்றவன் தான் கற்ற கல்வியோடு ஊருக்குத் திரும்பினானா? அவனால் அவ்வூர் பெற்றது யாது?

இவ்வினா எழுவதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயல்கள் பரந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழும் நாடு அது. உழவும் மீன்பிடியும் அங்குத் தொழில்கள். கண்ணகி அம்மன் சடங்கும், கொம்புமுறி விளையாட்டும், விடியுமளவும் ஆடப்படும் கூத்தும் அந்நாட்டின் பழஞ்செல்வங்கள். ஆங்கிலப் பாடசாலை என்பது அங்கு முதன்முதலாக வந்தபோது, அது உத்தியோகத்துக்குச் செல்லும் வாயிலாகவே கருதப்பட்டது. அவ்வாயிலின் வழியே சென்ற இளைஞன் கந்தோர் மேசையோடு நின்றுவிடுவதும், தன் ஊர்க் கூத்தையும் பாட்டையும் பாமரர் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவதும் எளிதில் நிகழக்கூடியனவாயிருந்தன.

அப்பாடசாலைகளின் தொடக்கம் 1814ஆம் ஆண்டைச் சார்ந்தது. அவ்வாண்டு இலங்கை வந்த மெதடிஸ்த ஊழியர்களுள் ஒருவரான வில்லியம் ஓல்ற் என்பவர் மட்டக்களப்பை அடைந்தார். அங்கு அவர் வாழ்ந்த காலம் ஓராண்டேனும் நிறையவில்லை. 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர் நோயுற்று மறைந்தார். அக்குறுகிய காலத்துக்குள்ளேயே அவர் பள்ளிகளை நிறுவுவதில் முனைந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை அவரிடமிருந்தே கணித்துக்கொள்வது. பின்னர் 1873ஆம் ஆண்டில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி தோன்றிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் அக்கல்லூரியை இயேசு சபைக் குருமார் பொறுப்பேற்று வளர்த்தனர்.

புனித மிக்கேல் கல்லூரியின் மாணாக்கருள் ஒருவர் மயில்வாகனன். 1892ஆம் ஆண்டில் காரைதீவில் சாமித்தம்பி என்பவருக்கும் கண்ணம்மை அம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்தவர். கல்முனையிலுள்ள மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் கற்கத் தொடங்கிப் பின்பு மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். சைவக் குடும்பத்துப் பிள்ளை மெதடிஸ்தரிடமும் கத்தோலிக்கக் குருமாரிடமும் கல்வி பெற்றமை அக்காலத்து நிலைமையை உணர்த்துகின்றது. 1908ஆம் ஆண்டில், தமது பதினாறாவது வயதில், அவர் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். தேறியதும், தாம் கற்ற கல்லூரியிலேயே கற்பிக்கும் ஆசிரியரானார். இம்மாணாக்கரே பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் என உலகம் அறிந்த பெரியார்.

அவர் கற்ற கல்வி இரு திசைகளில் வளர்ந்தது. கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, மீண்டும் புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்து, பின்னர்த் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒருபுறம் விஞ்ஞானமும், மறுபுறம் சங்கச் செய்யுளும் சிலப்பதிகாரமுமாக இருவகைக் கல்வியையும் ஒருவரே ஓராண்டில் நிறைவுசெய்தமை அருமையானதொரு நிகழ்ச்சியாகும். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்று, யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

அவர் அவ்வழியே சென்றிருப்பின் பெரியதொரு கல்லூரியின் அதிபர் என்னும் புகழோடு வாழ்வு நிறைந்திருக்கும். ஆயின் 1922ஆம் ஆண்டில் அவர் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டில் சுவாமி சிவாநந்தர் அவருக்குத் துறவு அளித்து விபுலாநந்தர் என்னும் பெயரை வழங்கினார். துறவு பூண்டவர் ஊரைத் துறக்கவில்லை. இலங்கைக்கு மீண்டு வந்து பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1929ஆம் ஆண்டில், மட்டக்களப்பு நகருக்கு எதிரே கல்லடி உப்போடையில், தம் குருவின் பெயரால் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். தம் சமயச் சூழலில் உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவர் இளமையில் அவருக்குக் கிடைத்ததில்லை. அவ்வாய்ப்பைப் பின்வரும் தலைமுறைப் பிள்ளைகள் தம் ஊரிலேயே பெறல் வேண்டும் என்பது அவர் கருத்து. மிஷன் பாடசாலைகளில் அவர் கண்ட ஒழுங்கும் விஞ்ஞானக் கல்வியும் ஆங்கில அறிவும் அங்குக் கைவிடப்படவில்லை. அவற்றோடு தமிழும் சமயமும் உரிய இடத்தைப் பெற்றன.

புனித மிக்கேல் கல்லூரி அவருக்கு அளித்த ஆங்கிலக் கல்வி வீண்போகவில்லை என்பதற்கு அவர் நூல்களே சான்று. 1926ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்க சூளாமணி என்னும் நூலில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராயினார். நெடுங்கால ஆராய்ச்சியின் பயனாய் யாழ்நூல் எழுந்தது. வழக்கொழிந்துபோன பண்டை யாழ்களைப் பற்றிச் சிலப்பதிகாரம் முதலிய நூல்கள் சுருங்கக் கூறியவற்றை எடுத்துக்கொண்டு, நரம்புகளின் நீளத்துக்கும் அவை பிறப்பிக்கும் சுரங்களுக்கும் உள்ள விகிதங்களைக் கணித்து, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ் முதலியவற்றின் அமைப்பை அந்நூலில் விளக்கினார். பள்ளியிற் கற்ற கணிதமும் பௌதிகமும் தமிழிசையின் பழைய வழியைத் தேடிக் காண்பதற்குத் துணையாயின. வாவியில் எழும் இனிய ஓசையை நீரர மகளிரின் பாடலாகக் கருதிக் கவிதையும் புனைந்தவர் அவர். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் கொழும்பில் மறைந்தார். அவருடைய உடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவாநந்த வித்தியாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டது.

விபுலாநந்தர் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் இலங்கைக் கல்வியில் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால், 1945ஆம் ஆண்டு முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப் பகுதிகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழுந்தன. பரீட்சையிற் சித்தியெய்திய ஏழைப் பிள்ளைகள் அவற்றில் விடுதியிலிருந்து கற்கும் வசதி பெற்றனர். நகரத்திற்கு வந்தால்தான் உயர்கல்வி என்னும் நிலை மாறத் தொடங்கிற்று.

மட்டக்களப்பைச் சேர்ந்த வ. நல்லையா ஆசிரியத் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர். திருகோணமலை மட்டக்களப்புத் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்தவர். சிங்களத்தை அரசகரும மொழியாக்கல் வேண்டும் என்னும் பிரேரணை 1944ஆம் ஆண்டில் அச்சபையில் விவாதிக்கப்பட்டபோது, தமிழையும் அதனோடு சேர்த்தல் வேண்டும் என்னும் திருத்தத்தை முன்மொழிந்தவர் அவரே. அத்திருத்தத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. ஏறாவூருக்கு வடக்கேயுள்ள வந்தாறுமூலையில் மத்திய பாடசாலை ஒன்று எழுவதற்கு முன்னின்று உழைத்தவரும் அவரே.

வந்தாறுமூலைப் பள்ளியில் பயின்ற மாணாக்கருள் சி. மௌனகுரு ஒருவர். மட்டக்களப்பு நகரையடுத்த அமிர்தகழியில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர். அங்குக் கற்றுப் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அக்காலத்தில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் புதிய அரங்குக்கு ஏற்ப அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். விடிய விடிய வட்டக் களரியில் ஆடப்படும் வடமோடிக் கூத்தை, ஆட்டமும் மத்தளமும் பாடலும் குன்றாமல், இரண்டொரு மணிநேரத்துக்குள் அடக்கி மேடையேற்றுவதே அப்பணி. பட்டதாரி மாணவர்க்கு ஆட்டம் பழக்க அழைக்கப்பட்டவர் யார் எனில், வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியாரே ஆவர். மட்டக்களப்புக் களரியில் ஆடிய கிராமக் கலைஞர் ஒருவரைப் பல்கலைக்கழகம் ஆசிரியராக ஏற்ற நிகழ்ச்சி அது. கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்கள் இவ்வாறு 1960களில் அரங்கேறின. மௌனகுரு அவற்றில் முதன்மைப் பாத்திரங்களைத் தாங்கினார். பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றியே ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாமரர் பொழுதுபோக்கு எனப்பட்டது ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

1981ஆம் ஆண்டில் வந்தாறுமூலைப் பள்ளியின் வளவிலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986ஆம் ஆண்டில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மாணாக்கனாயிருந்து கற்ற அதே வளவில் மௌனகுரு நுண்கலைத்துறைப் பேராசிரியராய் அமர்ந்தார். கல்லடியில் 1982ஆம் ஆண்டில் விபுலாநந்தர் பெயரால் இசை நடனக் கல்லூரி ஒன்றும் எழுந்து, பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. யாழ்நூல் ஆசிரியரின் பெயரால் அவர் ஊர்ப் பிள்ளைகள் இன்று அங்கு இசையும் நடனமும் நாடகமும் கற்கின்றனர்.

இவ்வரலாற்றில் துயரமான ஏடுகளும் உண்டு. புனித மிக்கேல் கல்லூரியில் பல்லாண்டுகள் பணிபுரிந்து, மட்டக்களப்பு இளைஞர்க்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர் அமெரிக்கக் குருவானவரான இயூஜின் ஹேபர்ட் அடிகளார். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கலவரங்களுக்கிடையே வாழைச்சேனைப் பகுதியிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவர் வந்து சேரவில்லை. அடுத்த மாதம், அகதிகள் தங்கியிருந்த வந்தாறுமூலை வளாகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டோர் நூற்றுக்கு மேற்பட்டவர், அவர்களும் மீளவில்லை. பள்ளிகளின் பெயர்ப்பட்டியலில் பட்டம் பெற்றோரைக் குறிக்கும்போது, அவ்வாண்டுகளில் இழந்தோரையும் நினைத்தல் கடமையாகும்.

மேலே கூறிய இருவர் சென்ற வழிகள் வேறு. ஒருவர் ஆங்கிலத்தின் வழியாகவும் விஞ்ஞானத்தின் வழியாகவும் சென்று பண்டைத் தமிழிசையை அடைந்தார். மற்றவர் இலவசக் கல்வியின் வழியாகச் சென்று தம்மூர்க் களரியை அடைந்தார். முன்னவர் கற்ற காலத்தில் பள்ளிக்கூடம் அந்நியர் அமைத்தது. பின்னவர் கற்ற காலத்தில் அது நாட்டு மக்களின் வரிப்பணத்தால் நடந்தது. எனினும், தாம் கற்றதைக் கொண்டு தம் நாட்டுச் செல்வத்தை ஆராய்ந்தமையிலும், அதனை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் ஆசிரியராய் அமைந்தமையிலும் இருவரும் ஒத்தவர்.

வாவிக்கரைப் பாடசாலைகளில் இன்று பயிலும் பிள்ளைகளுள் பலர் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் செல்வர். அதனைத் தடுத்தல் ஆகாது, தடுக்க வேண்டுவதுமில்லை. விபுலாநந்தரும் சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் இமயமலைச் சாரலுக்கும் சென்றவரே. எங்குச் சென்றாலும் ஊரின் மொழியையும் கலையையும் நுணுகி அறிந்துகொள்வதும், வாய்ப்புக் கிட்டும்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பேனும் ஒரு நூலகமேனும் அமைத்துத் தருவதும் அவர்களால் இயலும். பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த மலருக்குப் பெயர்ப்பட்டியல் தொகுக்கும்போது, பதவிகளின் பெயர்களோடு இவ்வகைத் தொண்டையும் ஒரு பக்கத்திற் குறிப்பிடுமாயின், அப்பக்கத்தைப் படிக்கும் மாணாக்கர்க்கு அது நல்ல வழிகாட்டியாய் அமையும்.